புதிய ஸ்கிரைப் தன்னார்வலர்களை எப்படித் தயார் செய்வது? எனக்கு எழுதத் தெரிகிறது, சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை

உறையூர்க்காரி எழுதியது:

வணக்கம். திருச்சி உறையூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பதினோரு ஆண்டுகளாகப் பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கிறேன். அரசுத் தாள்களில் ‘சொல்வதை எழுதுபவர்’ என்று போடுவார்கள். நாங்கள் ஸ்கிரைப் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். என் படிப்பு பிளஸ் டூவோடு நின்றுபோனது. அதற்காக ஒரு காலத்தில் நிறைய அழுதிருக்கிறேன். ஆனால் தேர்வு எழுதுபவரைவிட ஸ்கிரைப் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்களே, அந்த இடத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. நவம்பரிலும் ஏப்ரலிலும் என் கைப்பேசி ஓயாது.

எங்கள் குழுவை நடத்தி வந்தவர் சென்ற ஜூலையில் மாற்றலாகி வெளியூர் போய்விட்டார். பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டோம், 22 பேர் பெயர் கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரையும் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். சுண்டல் கொடுத்தோம். கைதட்டினார்கள். ஆள்கள் தயார் என்று நம்பி வீட்டுக்குப் போனேன்.

நவம்பர் தேர்வில் என் நம்பிக்கை கிழிந்தது.

கல்லூரியில் இயற்பியல் முதலாண்டு படிக்கும் ஒரு பையன். நல்ல பையன், கவிதைப் போட்டிகளில் பரிசு வாங்குகிறவன். பி.ஏ. மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு எழுதப் போனான். அவர் ‘பாரதியின் பாடல்களில் விடுதலை வேட்கை இருந்தது’ என்று சொல்லியிருக்கிறார். இவன் ‘விடுதலை வேட்கை ததும்பி வழிந்தது’ என்று எழுதியிருக்கிறான். கடைசியில் ஒருமுறை படித்துக்காட்டச் சொன்னபோதுதான் அவருக்கே தெரிந்தது. பக்கத்துக்கு நான்கு இடத்தில் இப்படித் ததும்பியிருக்கிறது.

இன்னொருவர் என் வயதுக்காரர், தங்கமான மனசு. தேர்வுக்குப் பத்து நிமிடம் முன்னால், தான் எழுதிக் கொடுக்க வேண்டிய பெண்ணுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்து, முதுகைத் தடவி, “பிறவியிலேயே இப்படியாம்மா?” என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் முதல் வினாவுக்கே தடுமாறிவிட்டதாக என்னிடம் சொன்னாள்.

மூன்றாமவர் வரவே இல்லை. காலை 9.20க்குத் தொலைபேசியில் கேட்டால் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றார். கடையைப் பூட்டிவிட்டு நான் ஓடினேன். தேர்வு 25 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. அந்த 25 நிமிடத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. சொல்லிக்கொடுத்தவள் நான், ஆகவே ஓட்டை என் பக்கம்தான். என் கைக்குத் தெரிந்தது என் வாய்க்கு வரவில்லை. தன்னார்வலர்களைப் பழக்குகிறவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? காசு வாங்காமல் நேரம் கொடுப்பவரிடம் ‘நீ செய்தது தவறு’ என்று எப்படிச் சொல்வது? 22 பேரையும் ஒருத்தி எப்படிக் கவனிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆறு புள்ளி எழுதியது:

உறையூர் அக்காவுக்கு வணக்கம். நான் பார்வையற்றவன், தஞ்சாவூரில் வங்கியில் வேலை. பத்தாம் வகுப்பிலிருந்து வங்கித் தேர்வுவரை நான் எழுதிய தேர்வுகளுக்கு அறுபது, எழுபது ஸ்கிரைப்கள் வந்திருப்பார்கள். அதனால் இந்தக் கேள்விக்கு மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் நடத்திய இரண்டு மணி நேரக் கூட்டத்தில் 22 தன்னார்வலர்கள் இருந்தார்கள், சுண்டல் இருந்தது. எங்களில் ஒருவராவது இருந்தாரா? உங்கள் பதிவில் அப்படி யாரும் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லாக் குழுவிலும் இதே கதைதான்.

நாங்கள் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்பதற்குச் சில மாதிரிகள் தருகிறேன்.

ஸ்கிரைப் எழுதும்போது நான் பேனாவின் ஒலியைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒலி நின்றால் நானும் நின்றுவிடுவேன். என்ன ஆயிற்று? காது கேட்கவில்லையா, எழுத்துக்கூட்டத் தெரியவில்லையா, தாள் தீர்ந்துவிட்டதா, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறாரா? எனக்குத் தெரியாது. ‘தாள் மாற்றுகிறேன்’ என்று இரண்டு சொல் சொன்னால் போதும், என் மனசு விடையிலேயே இருக்கும். வழுக்கிக்கொண்டு போகும் ஜெல் பேனாவில் சத்தமே வருவதில்லை. பால்பாயிண்ட் பேனாவோடு வாருங்கள் என்று நான் கெஞ்சுவதற்குக் காரணம் அதுதான். பார்வையுள்ள எந்தப் பயிற்சியாளரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்து கணக்கு. ‘எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் ஒன்று, கீழே எக்ஸ்’ என்று படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். எக்ஸ் ஸ்கொயரும் ஒன்றும் சேர்ந்து மேலே இருக்கிறதா, ஒன்று மட்டும் மேலே இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு கணக்கு. ‘பின்னம் தொடக்கம், மேலே இது, கீழே இது, பின்னம் முடிந்தது’ என்று படிக்கப் பழக்குங்கள். இதற்குக் கணக்கு தெரிந்திருக்கத் தேவையில்லை. கண்ணில் படுவதை அப்படியே வரிசையாகச் சொல்லத் தெரிந்தால் போதும்.

எழுத்துப்பிழை பெரிய விவகாரம். பிரெயிலில் ர வேறு, ற வேறு. ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனிப் புள்ளிகள். பிரெயிலில் படித்தவனுக்கு எது எந்த எழுத்து என்று விரலுக்குத் தெரியும். ஒலிப்பதிவை மட்டும் கேட்டுப் படித்தவர்களுக்குச் சில சொற்களில் ஐயம் இருக்கும். ஆகவே பெயர்ச்சொல்லோ கலைச்சொல்லோ வந்தால் ‘இடையின ரவா, வல்லின றவா?’ என்று கேட்கவேண்டும். நானாக ஊகித்து எழுதினேன் என்று பின்னால் சொல்வதைவிட அப்போதே கேட்பது நல்லது.

கடைசியாக, மிக முக்கியமானது. நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள். நல்லவர்கள் எல்லோரும் இங்கேதான் வழுக்குவார்கள். சரியான விடை வரும்போது குரல் கொஞ்சம் நிமிரும். நான் தவறானதைச் சொன்னால் ‘ம்ம்’ என்று ஒரு இழுவை, அல்லது “இன்னொரு தடவை படிக்கட்டுமா?” என்ற கரிசனம். வாயைத் திறக்காமலேயே விடையைச் சொல்லிவிட்டார்கள். எனக்கு இது அவமானமாக இருக்கும். மதிப்பெண்ணும் வேண்டும், அவமானமும் வேண்டாம் என்று உள்ளுக்குள் ஒரு சண்டை நடக்கும். அந்தச் சண்டையில் இரண்டு நிமிடம் போய்விடும்.

இதற்கு நாங்கள் கல்லூரி விடுதியில் ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். கேட்பவர்களுக்கு விடை தெரிய வாய்ப்பே இல்லாத 12 வினாக்களை எடுத்துக்கொள்வோம். படிப்பவரிடம் மட்டும் விடைக்குறிப்பு இருக்கும். அவர் வினாவையும் நான்கு விடைகளையும் படிப்பார், நாங்கள் குரலை வைத்தே விடையைச் சொல்வோம். 3 சரியாக வந்தால் தற்செயல். 7, 8 வந்தால் படிப்பவர் காட்டிக்கொடுக்கிறார் என்று பொருள். உங்கள் தன்னார்வலர்களிடம் இதை நடத்திப் பாருங்கள். நீங்களும் ஒருமுறை படித்துப் பாருங்கள் அக்கா.

‘பிறவியிலேயேவா’ கேள்விக்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நாற்பது தடவையாவது என்னிடம் கேட்டிருப்பார்கள்.

அறைக் கண்காணிப்பாளர் எழுதியது:

கல்லூரி ஆசிரியர் நான், தேர்வு அறையில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்தக் கவிஞர் பையன் செய்ததைச் சகோதரி சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். என் பார்வையில் அது முறைகேடு. ஸ்கிரைப் விடையைச் சொல்லிக்கொடுப்பதும், விடையின் மொழியை மெருகேற்றுவதும் ஒன்றுதான். நான் பார்த்திருந்தால் அறிக்கை எழுதியிருப்பேன். அதன் விளைவு பையனுக்கு இல்லை, மாணவருக்கு; அந்தத் தாளே ரத்தாகலாம். இதை அந்தப் பையனிடம் யாராவது சொல்லியிருந்தார்களா? ‘சொன்னதை மட்டும் எழுது’ என்று சொல்லியிருப்பீர்கள். ‘மாற்றினால் அவருடைய ஒரு பருவம் போய்விடும்’ என்று சொல்லியிருக்க மாட்டீர்கள்.

பழக்குகிறவருக்கு விதிகள் விரல்நுனியில் இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அடிப்படை. 2018 ஆகஸ்ட் 29 அன்று மத்திய அரசு எழுத்துத் தேர்வுகளுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் என்பது அதில் வந்தது. மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம். சொந்தமாக ஸ்கிரைப்பை அழைத்துவந்தால் ஒரு படி குறைந்த படிப்பு என்பதும், தேர்வு நடத்துபவர்களே ஆள் கொடுத்தால் இரண்டு நாள் முன்பே அவரைச் சந்தித்துப் பேச வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தன. மொழித் தாளுக்கு ஒருவர், பொருளியலுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம், ஒரு பாடத்துக்கு இருவர் கூடாது என்றும் அதில் இருந்தது. 2025இல் அந்த வழிகாட்டுதல்களையே மாற்றிவிட்டார்கள். விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள், பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்குக்கும் சேர்க்கின்றன. ஆகவே ஒவ்வொரு தேர்வின் அறிவிக்கையையும் புதிதாகப் படியுங்கள். சென்ற ஆண்டு நினைவை நம்ப வேண்டாம்.

ஸ்கிரைப் என்றால் பார்வையற்றவருக்கு மட்டும் என்ற எண்ணமும் வேண்டாம். எழுதும்போது கை இறுகிப்போகும் குறைபாடு உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்கு ஸ்கிரைப் கேட்டு உச்ச நீதிமன்றம்வரை போனார். குறைபாடு 40 சதவீதம் என்ற அளவை எட்டாதவருக்கும் இந்த உரிமை உண்டு என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. கை நன்றாக அசைவதுபோல் தெரிகிற ஒருவருக்கு எழுதப் போகும் உங்கள் தன்னார்வலர், ‘இவருக்கு எதற்கு ஸ்கிரைப்?’ என்று மனதுக்குள் நினைத்தால் அது அவர் கையெழுத்திலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று. அறையில் சிக்கல் வந்தால் தன்னார்வலர் என்னோடு வாதாடக் கூடாது. கூடுதல் நேரம் மறுக்கப்பட்டால் வெளியே இருக்கும் பொறுப்பாளர் வந்து பேச வேண்டும். அதாவது நீங்கள். ஆணையின் நகலைப் பையில் வைத்திருங்கள். பல கண்காணிப்பாளர்களுக்கு விதி தெரியாது. எங்களுக்கும் இரண்டு மணி நேரக் கூட்டமும் டீயும்தான்.

முதல் பருவம் எழுதியது:

ஜூஸ் வாங்கிக் கொடுத்தவரைப் பற்றிப் படித்ததும் எனக்குக் காது சுட்டது. நான் அவரைவிட மோசம். முதல் தேர்வு முடிந்ததும், நான் எழுதிக் கொடுத்த தம்பியோடு புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். கீழே கைகூப்பும் படம் வேறு. அவரைக் கேட்கவில்லை. பார்வையற்றவருக்குத் தெரியாமல் அவர் படத்தை ஊருக்குக் காட்டியிருக்கிறேன் என்பது அன்று எனக்கு உறைக்கவே இல்லை.

எங்கள் பொறுப்பாளர் அன்று மாலை தொலைபேசியில் அழைத்தார். ‘எப்படி இருந்தது?’ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ‘ரொம்ப நிறைவாக இருந்தது’ என்று சொல்லிவிட்டு வைத்திருப்பேன். “எந்த வினாவில் திணறினீர்கள்?” என்று கேட்டார். யோசித்து 14ஆவது வினா என்றேன். அங்கிருந்து பேச்சு அரைமணி நேரம் போனது. கடைசியில்தான், “அந்தப் படம் அவருக்குத் தெரியுமா?” என்று ஒரே ஒரு கேள்வி. திட்டவில்லை. படத்தை எடுத்துவிட்டு அந்தத் தம்பியிடம் நானே சொன்னேன். இப்போது மூன்றாம் ஆண்டாக ஸ்கிரைப் வேலை செய்கிறேன்.

எனக்குக் கொடுத்த 40 பக்கக் கையேட்டை இன்றுவரை திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

அம்மா, எனக்கு ஸ்கிரைப் வேலை தெரியாது. தன்னார்வலர்களைத் தெரியும். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் ஒன்றியத்தில் பயிற்சி கொடுக்கும் குழுவில் இருந்தேன். ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். கல்குவாரிப் பெண்கள் கையெழுத்துப் போடப் பழகியதும், சைக்கிள் ஓட்டப் பழகியதும் அந்த ஆண்டுகளில்தான். தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. பெரும்பாலும் அதே ஊர்ப் பிள்ளைகள், பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்தவர்கள்.

எங்கள் பயிற்சி படிப்படியாக இறங்கும். மேலே கருத்தாளர்கள், நடுவில் முதன்மைப் பயிற்றுநர்கள், கீழே தொண்டர்கள். மேலே பொங்கி வந்தது மூன்றாவது படிக்கு வரும்போது கழுநீராகிவிடும். ‘எழுத்தில் தொடங்காதே, சொல்லில் தொடங்கு’ என்று மேலே ஒரு நாள் முழுக்கப் பேசியிருப்பார்கள். ஊருக்குள் போய்ப் பார்த்தால் லாந்தர் வெளிச்சத்தில் ஐம்பது வயதுப் பெண்கள் ‘அ, ஆ’ என்று ராகம் போட்டுக்கொண்டிருப்பார்கள். தொண்டர் தான் படித்த முறையில்தானே சொல்லிக்கொடுப்பார்? வேறு முறையை அவர் கண்ணால் பார்த்ததே இல்லையே. பேச்சுக்கு அவ்வளவுதான் வலு என்று அப்போது புரிந்தது. அதன்பிறகு பயிற்சியில் பேசுவதைக் குறைத்துவிட்டு, வகுப்பையே நடத்திக்காட்டினோம். பிறகு அவர்களை நடத்தச் சொன்னோம்.

நான் செய்த பிழை ஒன்றையும் சொல்கிறேன். ஒரு ஊரில் பத்தொன்பது வயதுப் பெண் தொண்டர், குரலே எழாது. ‘ப’ எழுதக் காட்டும்போது கோட்டைத் தலைகீழாகத் தொடங்கினாள். பின்னால் உட்கார்ந்திருந்த நான் எழுந்துபோய் அவள் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி நானே எழுதிக் காட்டினேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். மறுநாள் அவள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அவள் அம்மா சொன்னார்: “வாத்தியாருக்கே எழுதத் தெரியலேன்னு கரண்டு கம்பத்தடியிலே பொம்பளைங்க பேசிக்கிறாங்க சார். எம் பொண்ணு எந்த முகத்தோட வரும்?” நான் ஒன்றும் பேசாமல் சைக்கிளை மிதித்தேன். அவளை மீண்டும் கொண்டுவர ஐந்து வாரம் ஆயிற்று. வந்த அன்று அந்தப் பெண்கள் எதிரில் அவளிடம் நான் எழுதப் பழகினேன். அதன் பிறகு எந்தத் தொண்டரின் கையிலிருந்தும் நான் எதையும் வாங்கியதில்லை.

25 நிமிடம் தாமதம் ஆன அன்று நீங்கள் ஓடினீர்களே, அது சரி. ஆனால் எல்லா நாளும் நீங்களே ஓடினால் உங்கள் 22 பேரும் வேடிக்கை பார்ப்பவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஒரு கேள்வி. கடையில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறீர்களா? எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

உறையூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. தீபாவளித் தையலைவிட இது பெரிய வேலையாகப் போய்விட்டது.

வாத்தியார் ஐயா கேட்ட கேள்வியை இரண்டு நாள் மனசில் வைத்துக்கொண்டே தைத்தேன். ஆமாம், கடையில் இதுவரை ஆறு பெண்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். முதல் மாதம் துணியையே தொடவிட மாட்டேன். செய்தித்தாளில்தான் வெட்ட வேண்டும். பிறகு பழைய வேட்டித்துணி. பிறகு உள்பாவாடை, அதில் கோடு கொஞ்சம் வளைந்தாலும் வெளியே தெரியாது. வாடிக்கையாளர் கொண்டுவந்த ஜாக்கெட் துணியைக் கத்தரிக்கோலோடு ஒருத்தியிடம் கொடுக்க ஆறு மாதம் ஆகும். பட்டுத்துணி என்றால் ஒரு வருடம். அப்படியும் முதல் ஜாக்கெட் வெட்டும்போது நான் பக்கத்தில் பித்தான் தைத்துக்கொண்டிருப்பேன், கத்தரியைப் பார்க்காததுபோல.

அப்படிப்பட்ட நான் இரண்டு மணி நேரம் பேசிவிட்டு 22 பேர் கையில் பட்டுத்துணியைக் கொடுத்திருக்கிறேன்.

மறுபடி எல்லோரையும் கூப்பிட்டேன். பதினான்கு பேர் வந்தார்கள். இந்த முறை தேர்வு எழுதும் பார்வையற்ற பெண்கள் இரண்டு பேரும் வந்தார்கள், அவர்கள்தான் முன்னால் உட்கார்ந்தார்கள். பழைய வினாத்தாள்களை எடுத்துக்கொண்டோம், அவைதான் எங்கள் செய்தித்தாள். முதல் ஞாயிறு முழுக்கப் படிப்பது மட்டும். ‘ஏதேனும் ஐந்தனுக்கு விடை தருக’ என்பதை மூன்று பேர் விழுங்கிவிட்டார்கள். ‘அல்லது’ என்ற சொல்லை ஒருவர் அவ்வளவு மெதுவாகப் படித்தார், அந்தப் பெண் இரண்டு வினாவையும் கட்டாயம் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாம் ஞாயிறு சொல்லக் கேட்டு எழுதுவது. மூன்றாம் ஞாயிறு ஒரு மணி நேர மாதிரித் தேர்வு. நான் அறையின் மூலையில் பித்தான் தைத்தேன். இனி வரும் உள்தேர்வுகளுக்கு இரண்டு பேராகப் போவார்கள், ஒருவர் எழுத, இன்னொருவர் வெளியே காத்திருக்க. மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும் வாசலில் ஒரு ஆள் இருப்பார்.

நடக்கும்போது கையைப் பிடித்து இழுக்காமல் நம் முழங்கையை அவர்கள் பிடித்துக்கொள்ள விடுவது, நாம் அரையடி முன்னால் போவது, இதையெல்லாம் அந்த இரண்டு பெண்களே மாடிப்படியில் ஏற்றி இறக்கிக் காட்டினார்கள். பத்து நிமிடத்தில் முடிந்தது. நான் சொன்னபோது அரைமணி நேரம் ஆகியும் ஒருவருக்கும் புரியவில்லை.

கவிஞர் தம்பி விஷயம். அவனைத் தனியாக வரச் சொன்னேன். கண்காணிப்பாளர் ஐயா சொன்னதைச் சொன்னால் பயந்து ஓடிவிடுவான் என்று தயங்கினேன். அதனால் அவனைத் தேர்வெழுதுபவனாக உட்காரவைத்து, “உன் கவிதை ஒன்றைச் சொல், நான் எழுதுகிறேன்” என்றேன். சொன்னான். திருப்பிப் படித்துக்காட்டும்போது இரண்டு இடத்தில் சொல்லை மாற்றிப் படித்தேன். ‘ஈர மண்’ என்று அவன் சொன்னதை ‘நனைந்த பூமி’ என்றேன். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். “அக்கா, அது என் சொல் இல்லை!” என்றான். சொன்ன பிறகு அவனே உட்கார்ந்தான். அதற்குப் பிறகுதான் தாள் ரத்தாகும் விஷயத்தைச் சொன்னேன். அந்த மாணவருக்கு அவனே தொலைபேசியில் பேசினான். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஜூஸ் வாங்கிக் கொடுத்த அம்மாவுக்கு ஸ்கிரைப் வேலை சரிவராது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர் குரல் தெளிவு, நிறுத்தி நிதானமாகப் படிக்கிறார். பாடப் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்து தருகிறீர்களா என்று கேட்டேன். இதுவரை பொருளியலில் நான்கு அத்தியாயம் முடித்துவிட்டார். அதில் இரக்கப்படுவதற்கு ஒன்றும் இல்லை போலிருக்கிறது, நன்றாகவே வந்திருக்கிறது.

இப்போது என் கதை. ஆறு புள்ளி தம்பி சொன்ன 12 வினா விளையாட்டை நடத்தினோம். புதியவர்களுக்கு 4, 5 என்று வந்தது. ஒரு பையனுக்கு 2. ‘நீங்களும் ஒருமுறை’ என்று தம்பி எழுதியிருந்ததால் கடைசியாக நான் உட்கார்ந்து படித்தேன். பதினோரு ஆண்டு அனுபவம், எப்படியும் 3 தாண்டாது என்ற நினைப்பு.

8 சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

எப்படி என்று கேட்டேன். சரியான விடைக்கு முன்னால் நான் லேசாக மூச்சை இழுத்துக்கொள்கிறேனாம். இரண்டு பெண்களுமே அதைச் சொன்னார்கள். “எங்களுக்கு ரொம்ப நாளாகத் தெரியுமே அக்கா” என்றாள் ஒருத்தி. அவளுக்கு நான் ஐந்து தேர்வு எழுதியிருக்கிறேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. எத்தனை பேருக்கு, எத்தனை தாளில் மூச்சு விட்டேனோ.

இப்போது விடைக்குறிப்பைப் பார்க்காமல் படித்துப் பழகுகிறேன். ஆனால் சில வினாக்களுக்கு எனக்கே விடை தெரிந்துவிடுகிறது. இத்தனை ஆண்டு எழுதியதில் ஒட்டிக்கொண்டது. அப்போது என்ன செய்வது? நான்குக்கும் முன்னால் ஒரே மாதிரி மூச்சு விடப் பார்த்தேன், இருமல்தான் வந்தது. ஆறு புள்ளி தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உறையூர் வரை வர முடியுமா? ரயில் டிக்கெட் எங்கள் பொறுப்பு.

ஆறு புள்ளி எழுதியது:

வருகிறேன் அக்கா. டிக்கெட்டுக்குக் கவலை வேண்டாம்.

மூச்சுக்கு வழி இருக்கிறது. நான்கு விடைகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒரே வேகத்தில், ‘அ’ தொடங்கி ‘ஈ’ முடியும்வரை ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். நடுவில் மூச்சு வாங்க இடமே இருக்காது. நீளமான விடைகள் என்றால் ஒவ்வொரு விடைக்குப் பிறகும் மேசையை ஒருமுறை தட்டிவிட்டு மூச்சு வாங்குங்கள். நான் வரும் அன்று 12 வினா புதிதாக எடுத்துவையுங்கள், அந்த இரண்டு பெண்களுக்கும் தெரியாததாக. பின்னம் உள்ள கணக்குத் தாள் ஒன்றும் வேண்டும்.

அந்த 2 எடுத்த பையன் யார்? அவரையும் வரச் சொல்லுங்கள். அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வுத் தேர்வு இருக்கிறது.